கெடாத் தோட்டத் தமிழர் குடும்ப வரலாறும் தொடக்ககாலத் தொழில் நட்டஈட்டுத் திட்டங்களும்

முன்னுரை

கடாரம் என்னும் பெயர் தமிழ் வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்தது. முதலாம் இராசேந்திரன் காலத்துக் கடற்படையெடுப்பை மெய்க்கீர்த்தியின் துணைகொண்டு ஏறத்தாழ 1025ஆம் ஆண்டினது என வரையறுக்க நம்மால் இயலுகிறது. ஆனால், அதே கெடா மண்ணில் நூறு ஆண்டுகளுக்கு முன் பால்மரம் வெட்டிய நம் பாட்டனார் எந்த ஆண்டில், எந்தத் தோட்டத்தில், எவ்வாறு இறந்தார் என்று கேட்டால் பெரும்பாலோர்க்கு விடை தெரிவதில்லை. கல்லில் வெட்டப்பட்ட வரலாறு நிலைத்தது. செக்ரோல் புத்தகத்தில் எழுதப்பட்டது கரையானுக்கு இரையாயிற்று.

அண்மைக் காலத்தில் சுங்கைப் பட்டாணி, கூலிம், பாலிங், பீடோங், பாடாங் செராய் வட்டாரங்களைச் சேர்ந்த குடும்பங்களின் இளைய தலைமுறையினர் தம் மூதாதையர் வரலாற்றைத் தேடத் தொடங்கியுள்ளனர். அவர்கள் முதலில் நாடுவன பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையுமே ஆகும். வேலையில் அடிபட்டோர்க்கும் இறந்தோர்க்கும் பணம் வழங்கிய திட்டங்கள் வழிப் பிறந்த ஆவணங்களை நாடுவோர் மிகச் சிலர். அத்திட்டங்கள் எவ்வாறு இயங்கின, யாரை உள்ளடக்கின, யாரை விலக்கின என்பவற்றை அறியாமல் அவ்வாவணங்களைப் பொருள்கொள்ள இயலாது. இக்கட்டுரை அவ்வறிவைத் தொகுத்துத் தருவதோடு, குடும்பங்களில் வழங்கும் ஒரு நினைவை மறுபரிசீலனை செய்யவும் முற்படுகிறது.

நட்டஈடும் காப்புறுதியும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ‘தாத்தாவுக்கு அந்தக் காலத்திலேயே இன்சூரன்ஸ் இருந்தது’ என்று குடும்பத்தார் கூறக் கேட்கிறோம். இக்கூற்றைக் கேட்ட ஆய்வாளர் தாத்தாவின் பெயரில் ஒரு காப்புறுதிப் பத்திரத்தைத் தேடத் தொடங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

தொழில் விபத்துக்குப் பணம் வழங்கும் முறை உலகில் இரு வழிகளில் வளர்ந்தது. செர்மனி 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக முதலாளிகளைக் கட்டாயக் கூட்டமைப்புகளில் சேர்த்து, அவற்றின் பொது நிதியிலிருந்து விபத்துக்கு ஈடு வழங்கியது. பிரிட்டன் 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக வேறு வழியைத் தேர்ந்தது. அங்குப் பொது நிதி இல்லை. விபத்து நேர்ந்தால் ஈடு செய்யும் பொறுப்பு அந்தந்த முதலாளியையே சார்ந்தது. முதலாளி விரும்பினால் அப்பொறுப்புக்காகத் தனியார் நிறுவனம் ஒன்றில் காப்புறுதி எடுத்துக்கொள்வார். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் பின்பற்றியது இந்த இரண்டாம் வழியையே. 1923இல் இந்தியாவில் இயற்றப்பட்ட தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும், 1929இல் மலாய்க் கூட்டு மாநிலங்களில் இயற்றப்பட்ட சட்டமும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

இதனால் விளையும் முடிவு குடும்ப வரலாற்று ஆய்வாளருக்கு இன்றியமையாதது. பத்திரம் இருந்திருப்பின் அது தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்திருக்கும். அதில் தொழிலாளியின் பெயர் இடம்பெற வேண்டிய தேவையே இல்லை. ஆட்களின் எண்ணிக்கையும் ஊதியத் தொகையுமே நிறுவனத்திற்கு வேண்டியிருந்தன. தொழிலாளியின் பெயர் எழுதப்பட்டது அவர் அடிபட்டபோதோ இறந்தபோதோதான்.

சட்டத்தின் எல்லையும் கெடாவின் தனிநிலையும்

‘மலாயாவில் இச்சட்டம் எப்போது வந்தது?’ என்னும் வினாவே பிழையானது. போருக்கு முன் மலாயா ஒரே ஆட்சிப் பகுதியாக இருந்ததில்லை. பினாங்கும் அதனோடு சேர்ந்த வெல்லெஸ்லி மாநிலமும் நீரிணைக் குடியேற்றப் பகுதியைச் சார்ந்தவை. பேராக் கூட்டு மாநிலங்களுள் ஒன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கெடாவோ 1909 மார்ச் 10ஆம் நாள் கையொப்பமான ஆங்கிலேய–சயாம் உடன்படிக்கைக்குப் பின்னரே பிரிட்டிஷ் செல்வாக்கிற்குள் வந்தது. கூட்டில் சேராத மலாய் மாநிலமாகத் தன் சட்டங்களைத் தானே இயற்றிக்கொண்டது. எனவே, நிபோங் திபாலில் வேலை செய்த ஒருவர்க்கும், சில கல் தொலைவிலுள்ள கூலிம் தோட்டத்தில் வேலை செய்த அவர் தம்பிக்கும் வெவ்வேறு சட்டங்கள் பொருந்தின. கூட்டு மாநிலங்களின் 1929ஆம் ஆண்டைக் கெடாவுக்கும் பொருத்தி எழுதுவது நம் ஆய்வுகளில் அடிக்கடி காணும் தவறாகும்.

சட்டம் இயற்றப்பட்ட ஆண்டும் அது நடைமுறைக்கு வந்த நாளும் ஒன்றல்ல என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். இந்தியச் சட்டம் 1923இல் நிறைவேறினும் 1924 சூலை 1ஆம் நாளே நடைமுறைக்கு வந்தது. கூட்டு மாநிலங்களின் சட்டமும் 1930களிலேயே செயற்படத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் இறந்தவரின் குடும்பத்திற்கு அச்சட்டம் உதவவில்லை.

கெடாவின் தனிநிலை ஆவணங்களில் இன்னொரு சிக்கலையும் விட்டுச் சென்றுள்ளது. போருக்கு முந்திய கெடா அரசாங்க ஆண்டறிக்கைகள் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கில் அமைந்தவை. எடுத்துக்காட்டாக, ஹிஜ்ரி 1341 என்பது 1922 ஆகஸ்டு 24 முதல் 1923 ஆகஸ்டு 13 வரையிலான காலமாகும். ஹிஜ்ரி ஆண்டு நம் ஆண்டைவிட ஏறத்தாழப் பதினொரு நாள் குறைந்தது. ஆதலால் ஒரே எண்ணைக் கூட்டியோ கழித்தோ எல்லா ஆண்டுகளையும் மாற்றிவிட இயலாது. மேலும், மாநில அலுவலகக் கடிதங்களுள் பல ஜாவி எழுத்தில் அமைந்த மலாய் மொழியில் உள்ளன. முனியாண்டி, வீரம்மாள் போன்ற பெயர்கள் தமிழ் நாவிலிருந்து கிராணியின் காதுக்கும், அங்கிருந்து உரோமன் எழுத்துக்கும், பின்னர் ஜாவிக்கும் சென்று எத்தனை வடிவங்கள் பெற்றிருக்கும் என்பதைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணர்வர். ழகர, ளகர, லகர வேறுபாடுகள் முதற்படியிலேயே மறைந்துவிடும்.

சட்டம் கணக்கிட்ட உடல்

இவ்வகைச் சட்டங்கள் எவ்வாறு கணக்கிட்டன என்பதற்கு 1923ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தைச் சான்றாகக் கொள்ளலாம். வயதுவந்த தொழிலாளி இறந்தால் முப்பது மாத ஊதியம் அல்லது 2,500 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அது வழங்கப்பட்டது. முழுமையாகவும் நிலையாகவும் உழைக்கும் ஆற்றலை இழந்தவருக்கு 42 மாத ஊதியம் அல்லது 3,500 ரூபாய், இவற்றுள் குறைந்தது. வயதுவராத தொழிலாளி இறந்தால் 200 ரூபாய் மட்டுமே.

உறுப்பிழப்புக்குத் தனி அட்டவணை இருந்தது. வலக்கை முழங்கையிலோ அதற்கு மேலோ துண்டிக்கப்பட்டால் உழைப்பாற்றலில் 70 விழுக்காடு இழந்ததாகக் கொள்ளப்பட்டது. இடக்கையாயின் 60 விழுக்காடு. ஒரு கண்ணுக்கு 30, கட்டைவிரலுக்கு 25, சுட்டுவிரலுக்கு 10, பிற விரல் ஒன்றுக்கு 5 விழுக்காடு. உளி பிடித்துப் பட்டை சீவுபவருக்குக் கட்டைவிரலின்றித் தொழிலே இல்லை என்பதை அட்டவணை அறியாது. எல்லாத் தொழிலுக்கும் ஒரே அளவுகோல்தான்.

ஊதியத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்கு ஊதிய ஏற்றத்தாழ்வையும் உடன் சுமந்து வந்தது. 1920களின் இறுதியில் மலாயாவில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட இந்தியத் தொழிலாளர் தரஊதியம் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மாதத்திற்கு 26 நாள் வேலை எனக் கொண்டு, முப்பது மாதக் கணக்கை இவ்வூதியத்திற்குப் பொருத்திப் பார்ப்போமாயின் ஆணின் உயிருக்கு 390 வெள்ளி, பெண்ணின் உயிருக்கு 312 வெள்ளி என வரும். இது விளக்கத்திற்காக நாம் செய்த கணக்கேயாயினும், அதன் பொருள் தெளிவானது. அதே மலையில், அதே மரவரிசையில் வெட்டிய கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே விலை பெறவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் ஊதியம் வீழ்ந்தபோது இத்தொகையும் உடன் வீழ்ந்தது.

எனவே, ஒரு குடும்பத்தில் ‘இத்தனை வெள்ளி கொடுத்தார்கள்’ என்னும் நினைவு இருக்குமாயின் அது வெறும் தொகையன்று. அதனைக் கொண்டு இறந்தவரின் மாத ஊதியத்தையும், அதிலிருந்து இறந்த காலப்பகுதியையும் ஓரளவு உய்த்துணர முடியும்.

நட்டஈட்டில் சேராத மரணங்கள்

‘வேலையின் காரணமாகவும் வேலையின்போதும்’ நேர்ந்த விபத்து என்பதே இச்சட்டங்களின் மையத் தொடர். தோட்டத்தில் இதற்கு உட்படக்கூடியவை பல. ஸ்டோரில் உருளைகளுக்கிடையே கை சிக்குதல், காய்ந்த கிளை முறிந்து விழுதல், வெட்டுக்குச் சென்ற இடத்தில் பாம்பு தீண்டல், பால் ஏற்றிய லாரி கவிழ்தல் ஆகியவற்றைக் குறிப்பிடலாம்.

ஆனால், தோட்டத் தமிழரைப் பெருமளவில் கொன்றவை இவையல்ல. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவால் வந்த சோகையுமே லயங்களை வெறுமையாக்கின. காடழித்துப் புதிதாகத் திறந்த தோட்டங்களில் மலேரியாவின் கொடுமை மிகுதி. அக்காடழிப்பு முதலாளியின் வேலையே. கொசு பெருகியதும் அவ்வேலையின் விளைவே. எனினும் சட்டத்தின் கண்ணில் அது விபத்தன்று. 1906ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் சட்டம் சில தொழில்நோய்களைச் சேர்த்துக்கொண்டது உண்மையே. 1925இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற உடன்பாடும் ஈய நஞ்சு, பாதரச நஞ்சு, ஆந்த்ராக்ஸ் ஆகிய மூன்றைத் தொழில்நோய்களாகப் பட்டியலிட்டது. ஆலைத் தொழிலாளியின் நோய்கள் அவை. தோட்டத் தொழிலாளியின் காய்ச்சலுக்கு அப்பட்டியலில் இடமில்லை.

நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் வேறொரு நிதியே ஓரளவு பயன்பட்டது. 1907இல் தொடங்கிய தமிழர் குடிநுழைவு நிதி, பின்னர் இந்தியர் குடிநுழைவு நிதி எனப் பெயர் பெற்றது. முதலாளிகள் தம் தொழிலாளர் எண்ணிக்கைக்கேற்பச் செலுத்திய தீர்வையால் அது நடந்தது. கெடாத் தோட்டங்களும் அதன் வட்டத்துள் வந்தன. ஆள்சேர்ப்பும் கப்பல் பயணமுமே அதன் முதன்மை நோக்கங்கள். உழைக்க இயலாதோரைத் தாயகத்திற்குத் திருப்பி அனுப்புவதும் அதன் பணியாயிருந்தது. அது தொழிலாளியைக் காக்கும் காப்புறுதியன்று; தொழிலாளர் வரத்தைக் காக்கும் ஏற்பாடு. ‘பாட்டனார் திடீரென ஊருக்குப் போய்விட்டார், பிறகு செய்தியில்லை’ என்னும் குடும்பக் கதைகளுக்குப் பின்னால் சில வேளைகளில் இந்நிதியின் கப்பல் சீட்டு இருக்கக்கூடும். இந்நிதியே 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, 1999இல் கலைக்கப்பட்டது.

போர்க்காலம் தனியே நோக்கத்தக்கது. 1941 டிசம்பரில் சித்ராப் போருக்குப் பின் கெடா சப்பானியர் கைப்பட்டது. 1943 அக்டோபரில் தாய்லாந்தின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்த தோட்டத் தமிழர்க்கு மரணப் பதிவே அரிது. நட்டஈட்டு ஆவணத்தில் ஒருவர் பெயர் இல்லை என்பதால் அவர் நலமாக வாழ்ந்து மறைந்தார் என்று கொள்ளலாகாது. இத்துறையில் ஆவணத்தின் மௌனமே பெரும்பான்மை வழக்கு.

சார்ந்திருந்தோர் யார்?

குடும்ப வரலாற்றிற்கு இச்சட்டங்கள் அளிக்கும் மிகச் சிறந்த கொடை ‘சார்ந்திருந்தோர்’ என்னும் கருத்தாக்கமே என்பது நம் துணிபு. பணம் யாருக்கு உரியது என்று முடிவு செய்ய வேண்டுமாயின் இறந்தவரின் உறவினரை வரிசைப்படுத்தியாக வேண்டும். இந்தியச் சட்டம் மனைவி, கணவன், பெற்றோர், வயதுவராத மகன், மணமாகாத மகள், வயதுவராத தம்பி, மணமாகாத சகோதரி, இறந்த மகனின் கைம்பெண் முதலானோரைக் குறிப்பிட்டது. வேறெந்த அரசாங்க ஆவணமும் ஒரு தோட்டத் தொழிலாளியின் உறவு வட்டத்தை இவ்வளவு விரிவாக விசாரிக்கும் தேவை பெற்றதில்லை. செக்ரோலில் அவர் ஓர் எண். நட்டஈட்டு விசாரணையில் அவர் ஒரு கணவர், தந்தை, மகன்.

ஆனால் இங்கேயே பெரும் இடர்ப்பாடும் எழுந்தது. லயத்து வீட்டில், மாரியம்மன் கோயிலில், தாலி கட்டி நடந்த திருமணங்கள் பெரும்பாலும் பதிவுபெறாதவை. முஸ்லிம் அல்லாதோர் திருமணங்களைப் பொதுவாகப் பதிவுக்கு உட்படுத்திய சட்டம் 1976இல் இயற்றப்பெற்று 1982 மார்ச் 1ஆம் நாளே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒரு பெண் தான் இறந்தவரின் மனைவி என நிறுவக் கங்காணியின் வாய்மொழியையோ கிராணியின் குறிப்பையோ நம்ப வேண்டியிருந்தது. ஊரில் ஒரு மனைவி, தோட்டத்தில் ஒரு மனைவி என்னும் நிலையும் இல்லாமலில்லை. யார் பெயர் ஏட்டில் ஏறியது என்பதைக் கொண்டு யார் உண்மையில் மனைவி என்று முடிவு கட்டுவது நேர்மையாகாது. ஏட்டில் ஏறாத பாட்டியின் பேரப்பிள்ளைகளும் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர்.

இன்னொரு செய்தியும் சிந்திக்கத்தக்கது. இறப்புக்குரிய நட்டஈட்டை முதலாளி நேரே குடும்பத்திடம் கொடுத்துவிடாமல் ஆணையரிடம் செலுத்த வேண்டும் என்றும், அதனைப் பங்கிடுபவர் ஆணையரே என்றும் இந்தியச் சட்டம் விதித்தது. பெண்களுக்கும் சிறுவர்க்கும் உரிய பங்கை அவர்கள் நன்மைக்காக முதலீடு செய்யவும் ஆணையருக்கு அதிகாரம் இருந்தது. மலாயாச் சட்டங்களிலும் தொழிலாளர் இலாகாவே நடுநின்றது.

தோட்டப் பரம்பரையினர் இல்லங்களில் ‘தாத்தா செத்தபோது துரை மனமிரங்கிப் பணம் கொடுத்தார்’ என்னும் பேச்சு பரவலாக வழங்குகிறது. துரை தம் கையால் இனாம் அளித்த நிகழ்ச்சிகள் இருந்திருக்கலாம். ஆனால் இறப்பு வேலையின்போது நேர்ந்து, சட்டமும் நடப்பில் இருந்து, பணம் அலுவலகம் வழி வந்திருக்குமாயின், அது இரக்கமன்று, உரிமை. அக்குடும்பம் கைகூப்பிப் பெற்றது கடனாக அதற்குச் சேர வேண்டிய தொகையையே. இந்த ஒரு சொல்மாற்றம் மூன்று தலைமுறை நன்றியுணர்வின் திசையை மாற்றக்கூடியது. ஆதலால்தான் ஆண்டும் ஆட்சிப் பகுதியும் துல்லியமாக அறியப்பட வேண்டும் என வற்புறுத்துகிறோம்.

1951க்குப் பின்

1948இல் மலாயாக் கூட்டரசு அமைந்தபின் சட்டங்கள் ஒருமுகப்பட்டன. ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. முதலாளியும் தொழிலாளியும் தலா 5 விழுக்காடு செலுத்தும் முறையில் அது தொடங்கியது. 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் கெடா உள்ளிட்ட கூட்டரசு முழுமைக்கும் பொதுவாயிற்று. 1950களிலிருந்து ஆய்வாளரின் பணி எளிதாகிறது. தொழிலாளியின் பெயரிலேயே ஒரு கணக்கு, ஓர் எண், பின்னர் ஒரு வாரிசு நியமனம் எனத் தடயங்கள் பெருகுகின்றன.

1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1971இல் தொடங்கிய சொக்சோ, செர்மனி காட்டிய பொது நிதி வழிக்கு நம்மைக் கொண்டு வந்தது. ஒரே தடவை வழங்கும் தொகைக்கு மாறாக மாதாந்தர உதவித்தொகை வந்தது. வேலையில் இறந்தவரின் உதவித்தொகையில் ஐந்தில் மூன்று பங்கு கைம்பெண்ணுக்கும் ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் எனப் பங்கீடும் சட்டத்திலேயே எழுதப்பட்டது. எனினும் திட்டம் படிப்படியாகவே விரிந்தது. ஆதலின் 1971க்குப் பிந்திய விபத்துகளிலும் எந்தச் சட்டம் பொருந்தியது என்று கேட்டறிதல் வேண்டும்.

இதே காலத்தில் இரு நிகழ்வுகள் தடயங்களைக் கலைத்தன. ஒன்று, 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல். தோட்டம் கைமாறியபோது செக்ரோல்களும் மறைந்தன. துண்டாடலை எதிர்கொள்ள வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் எழுந்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டமே என்பது இங்கு நினைக்கத்தக்கது. மற்றொன்று, 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமையில்லாதோர் வேலைப் பெர்மிட் பெற வேண்டியதாகவே, பல்லாயிரவர் சேமநிதிப் பணத்தைப் பெற்றுக்கொண்டு தமிழகம் திரும்பினர். அவர்தம் குடும்ப வரலாற்றின் பிற்பகுதியை அங்கேயே தேட வேண்டும்.

தேடும் முறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் ஆய்வாளர் கைக்கொள்ளத்தக்க வரிசை ஒன்றைப் பரிந்துரைக்கிறோம்.

முதலாவதாக, இறப்பு அல்லது விபத்தின் ஆண்டையும் இடத்தையும் இயன்றவரை உறுதி செய்தல் வேண்டும். இறப்புச் சான்றிதழில் காணும் காரணமே நட்டஈட்டுக்கு வாய்ப்புண்டா என்பதைக் காட்டிவிடும். இரண்டாவதாக, அந்நாளில் அவ்விடத்தில் நடப்பிலிருந்த சட்டத்தைக் கெடாவின் சட்டத் தொகுப்பிலும் அரசிதழிலும் காண வேண்டும். மூன்றாவதாக, தோட்டத்தின் மக்கள் வழங்கும் பெயரோடு அதன் பதிவுப் பெயரையும், உரிமையாளர் நிறுவனத்தையும், அதனை நிருவகித்த ஏஜன்சி நிறுவனத்தையும் அறிய வேண்டும். ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்டு, கத்திரி போன்ற நிறுவனங்களின் ஆவணங்கள் இலண்டன் காப்பகங்களில் உள்ளன. நான்காவதாக, அலோர் ஸ்டாரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளையில் கெடா அரசாங்கச் செயலகக் கோப்புகளை நாடலாம். சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவாக்கிய பழைய நாளிதழ்களில் விபத்துச் செய்திகளைத் தேடலாம். இந்திய அரசாங்கம் 1923 முதல் மலாயாவில் அமர்த்திய முகவரின் ஆண்டறிக்கைகளும், 1937இல் வெளிவந்த சீனிவாச சாஸ்திரியார் அறிக்கையும் காலப் பின்னணியை விளக்கும்.

இவற்றிற்கெல்லாம் முன்னதாகச் செய்ய வேண்டியது முதியோரைக் கேட்பது. ‘நட்டஈடு கிடைத்ததா?’ என்று கேட்டால் பலர் இல்லை என்பர். ‘கையெழுத்துப் போட, கைநாட்டு வைக்க எங்கேயாவது போனீர்களா? யார் கூட வந்தார்கள்?’ என்று கேட்டால் பேருந்தில் சுங்கைப் பட்டாணிக்குச் சென்ற ஒரு பகற்பொழுது நினைவில் எழக்கூடும்.

முடிவுரை

தொடக்ககாலத் தொழில் நட்டஈட்டுத் திட்டங்கள் தோட்டத் தமிழரின் உயிரையும் உறுப்பையும் மாத ஊதியத்தால் அளந்தன. நோயால் மாண்டோரை விலக்கின. பெண்ணைக் குறைத்து மதித்தன. பதிவுபெறாத மனைவியை ஐயுற்றன. ஆயினும் உறவுகளைக் கேட்டறிந்து எழுத நேர்ந்தமையால் வேறெங்கும் கிட்டாத சில பெயர்களையும் அவை காத்து வைத்திருக்கக்கூடும். இன்று நம் நாட்டு ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வேறு நாட்டவர் உழைக்கின்றனர். 1993இல் சொக்சோவிலிருந்து விலக்கப்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளர் 2019 சனவரி 1 முதல்தான் மீண்டும் அதன் பாதுகாப்புக்குள் வந்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் ஒருநாள் தேடி வருவர். ஏட்டில் இல்லாதார் வரலாற்றிலும் இல்லாதாராகிவிடக் கூடாது என்னும் கவலை அவர்களுக்கும் நமக்கும் பொதுவானதே.